விதை மட்டும் வந்ததா, விதைத்தவரும் வந்தாரா?

கல்லூரி நாட்களில் நூலகத்தில் நின்றபடியே ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்த வரைபடம் கண்ணில் பட்டது. ஐரோப்பாவின் படம். நாட்டு எல்லைகள், தலைநகரங்கள் எதுவும் அதில் இல்லை. துருக்கிப் பக்கத்து மூலையில் அடர்த்தியாகத் தொடங்கும் நிழல், வடமேற்கே போகப் போகப் பட்டை பட்டையாக வெளுத்து, பிரிட்டன், ஸ்காண்டிநேவியா பக்கம் கரைந்துவிடும். குளத்தில் கல் விழுந்தால் அலை விரியுமே, அதை யாரோ பாதியில் நிறுத்திவைத்தது போலிருந்தது. கீழே போட்டிருந்த விளக்கத்தைப் படித்ததும் உட்கார இடம் தேடினேன். உயிரோடிருக்கும் மனிதர்களின் ரத்த வகைகளையும் அவை போன்ற மரபுக் குறிகளையும் திரட்டிக் கணக்கிட்டு வரைந்த நிழலாம் அது. நான் அலை என்று பார்த்தது, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உழவு கிளம்பிப் போன வழி என்று எழுதியிருந்தது.

அன்று பிடித்துக்கொண்ட ஆர்வம் இன்னும் விடவில்லை. இந்தத் துறையில் புதிய ஆய்வு எது வந்தாலும் தேடிப் படித்துவிடுவேன். நடுவில் சில ஆண்டுகள் இதைப் பற்றித் தவறாகப் பேசியும் எழுதியும் இருக்கிறேன். அதைத் திருத்தவும்தான் இந்தக் கட்டுரை.

கேள்வி எளிமையானது. கோதுமை, பார்லி, மசூர் பருப்பு, ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றை வசப்படுத்தும் வேலை மேற்காசியாவில் ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. ஜோர்டான் பள்ளத்தாக்கிலிருந்து துருக்கியின் தென்கிழக்கு வழியாக ஈரானின் ஜாக்ரோஸ் மலை வரை பிறைபோல வளைந்து கிடக்கிற நிலம் அது. 6,000 ஆண்டுகளுக்கு முன் பார்த்தால் அதே கோதுமையும் பார்லியும் பிரிட்டனில் விளைகின்றன. இவ்வளவு தூரத்தைக் கடந்தது யார், அல்லது எது? பக்கத்தில் இருந்தவர் விதைப்பதைப் பார்த்து இவரும் விதைத்தாரா? அப்படியானால் அறிவு நகர்ந்தது, ஆட்கள் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள். இல்லை, விதைத்தவரே பிள்ளைகுட்டிகளோடு புறப்பட்டு வந்து குடியேறினாரா?

மண்ணைத் தோண்டிக் கிடைக்கும் பொருள்களால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது. ஒரு பானையைப் பார்த்து இன்னொருவர் பானை வனையலாம். விதையைக் கைமாற்றிக்கொள்ளலாம். பொருள் ஒன்றாக இருப்பதால் ஆட்களும் ஒருவரே என்று ஆகிவிடாது.

1971-ல் ஆல்பர்ட் அம்மர்மேன் என்ற தொல்லியலாளரும் லூயிஜி லூக்கா கவாலி-ஸ்போர்ஸா என்ற மரபியலாளரும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். ஐரோப்பாவில் பழைய உழவர் குடியிருப்புகளின் கார்பன் தேதிகளை (எஞ்சிய கார்பனை அளந்து கணித்த வயதை) எடுத்துக்கொண்டு, மேற்காசியாவிலிருந்து அவை எவ்வளவு தூரம் என்று அளந்து, தூரத்தையும் தேதியையும் பொருத்திப் பார்த்தார்கள். உழவு சராசரியாக ஆண்டுக்கு ஒரு கிலோமீட்டர் நகர்ந்திருந்தது. ஆண்டுக்கு ஒரு கிலோமீட்டர் என்றால் ஒரு தலைமுறைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். இதற்குப் படையெடுப்பு தேவையில்லை, திட்டமிட்ட பெருங்குடியேற்றமும் தேவையில்லை. விளைச்சலால் பிள்ளைகள் பெருகி, நிலம் போதாமல் இளையவன் சற்றுத் தள்ளிப் போய்க் காட்டைத் திருத்தினால் போதும். அவனுடைய இளைய மகன் இன்னும் சற்றுத் தள்ளி. யாரும் ‘நாங்கள் ஐரோப்பாவுக்குப் போகிறோம்’ என்று நினைக்காமலே ஒரு கண்டம் முழுக்கப் பரவிவிடலாம்.

1978-ல் பவோலோ மெனோட்ஸி, ஆல்பர்ட்டோ பியாட்ஸா ஆகியோரோடு சேர்ந்து கவாலி-ஸ்போர்ஸா வெளியிட்டதுதான் நான் பார்த்த வகை வரைபடம். கார்பன் தேதிகள் சொன்ன திசையையே ரத்தமும் சொன்னது. ஆகவே நகர்ந்தது ஆட்கள்தான் என்றார்கள்.

இந்த இடத்தில் நிற்க வேண்டும். முடிவு பெரும்பாலும் சரி, ஆனால் அதற்குக் காட்டிய சான்று பலவீனமானது. அறிவியலில் இப்படியும் நடக்கும். 2008-ல் ஜான் நோவெம்பரும் மேத்யூ ஸ்டீபன்ஸும் காட்டினார்கள்: பெரிய குடிபெயர்வு எதுவுமே நடக்காமல், பக்கத்துப் பக்கத்து ஊர்கள் தங்களுக்குள் கொள்வினை கொடுப்பினை செய்துகொண்டு நெடுங்காலம் இருந்தாலே, அந்தக் கணக்குமுறை இப்படிப்பட்ட அலைகளைத் தானாக வரைந்துவிடும். என்னை உட்கார வைத்த அந்த அழகில் ஒரு பங்கு கணிதத்தின் கைவேலை. இதைப் படித்த அன்று மனம் கனத்துப்போனது உண்மை.

அதற்கு முன்பே எதிர்த்தரப்பும் வலுவாக எழுந்திருந்தது. 1990-களில் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ், பிரையன் சைக்ஸ் ஆகியோரின் குழு, தாய்வழியாக மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைப் பார்த்து, இன்றைய ஐரோப்பியரின் தாய்வழிகளில் பெரும்பாலானவை உழவுக்கு முந்தியவை, பழைய வேட்டையர்களுடையவை என்றது. அதாவது விதை வந்தது, ஆட்கள் வரவில்லை. இரண்டு தரப்பும் பார்த்தது ஒரே கண்டத்தின் ரத்தத்தைத்தான். எட்டிய முடிவுகளோ நேரெதிர்.

உயிரோடிருப்பவர்களிடம் கேட்டதில்தான் சிக்கல். ஒருவர் உடலில் உள்ள மரபு, அவருக்கு முன் அந்த மண்ணில் வாழ்ந்தவர், வந்தவர், கலந்தவர் எல்லோருடைய கணக்கையும் கூட்டிய மொத்தம். மொத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்த வரவு எந்த ஆண்டில் என்று சொல்ல முடியாது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளியிலிருந்து மாடு மேய்ப்போர் பெருங்கூட்டமாக ஐரோப்பாவுக்குள் வந்தது 2015-ல்தான் தெளிவாக வெளிப்பட்டது. அந்த அடுக்கு மேலே கிடந்ததால் கீழே இருந்த உழவரின் தடம் மங்கலாகத்தான் தெரிந்திருக்கிறது. ஆகவே இறந்தவர்களிடமே கேட்க வேண்டியிருந்தது.

எப்படிக் கேட்கிறார்கள் என்பது எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத பகுதி.

காதுக்குள்ளே, நத்தைக்கூடு போன்ற கேட்கும் உறுப்பைச் சுற்றி ஓர் எலும்பு இருக்கிறது. பெட்ரஸ் எலும்பு என்பார்கள். கல்போன்றது என்று பொருள். உடம்பிலேயே மிக அடர்த்தியான எலும்பு அது. ஒரு மண்டையோடு எட்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்து நொறுங்கிப்போயிருந்தாலும், இந்தச் சிறு துண்டு கெட்டியாகக் கிடக்கும். முழுதும் மூடிய உடையும் முகக்கவசமும் இரட்டைக் கையுறையும் போட்டுக்கொண்டு, தூசி வடிகட்டிய அறையில் அதன் மேற்பரப்பைச் சுரண்டி எறிந்துவிட்டு, உள்பகுதியில் மெல்லத் துளையிடுகிறார்கள். கிடைப்பது ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். மற்ற எலும்புகளைவிட இதில் பல மடங்கு, சில சமயம் நூறு மடங்குகூட டி.என்.ஏ. எஞ்சியிருக்கும் என்று 2014, 2015 வாக்கில் ரான் பின்ஹாசியின் குழு காட்டியது. அதன் பிறகுதான் இந்தத் துறை வேகம் பிடித்தது.

அந்தத் தூளில் இருப்பது முழு நூல் இல்லை, கிழிந்த தாள்துண்டுகள். ஒவ்வொரு துண்டும் பெரும்பாலும் டி.என்.ஏ.வின் நூறு எழுத்துக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி மண்ணிலிருந்து புகுந்த பாக்டீரியாவுடையது. துளையிடுகிறவரின் மூச்சிலிருந்தோ தோலிலிருந்தோ வந்த டி.என்.ஏ.வும் கலந்திருக்கலாம். பழையதைப் புதியதிலிருந்து பிரித்துக்காட்டுவது அதன் சிதைவுதான். காலப்போக்கில் சைட்டோசின் என்ற எழுத்து கெட்டு, துண்டின் ஓரங்களில் தைமின் என்ற இன்னோர் எழுத்து போலப் படிக்கப்படும். ஓரங்களில் இந்தப் பிழை நிறைய இருந்தால் அது உண்மையிலேயே பழைய மனிதருடையது. நேற்றைய டி.என்.ஏ.வில் அந்தக் காயம் இருக்காது. காயமே சாட்சியாகிற இந்த ஏற்பாட்டை முதன்முதலில் புரிந்துகொண்ட இரவில் வெகுநேரம் தூக்கம் வரவில்லை. இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட ஸ்வாந்தே பேபோவுக்கு 2022-ல் நோபல் பரிசு கிடைத்தபோது என் வீட்டு விசேஷம் போல மகிழ்ந்தேன்.

சரி, இறந்தவர்கள் என்ன சொன்னார்கள்?

2012-ல் சுவீடனில் கிடைத்த நான்கு பேரின் டி.என்.ஏ. ஆராயப்பட்டது. மூன்று பேர் கோட்லாந்து தீவின் வேட்டையர், ஒருவர் யோகெம் என்ற இடத்து உழவர். எல்லோரும் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முந்தையவர்கள். இரண்டு இடங்களுக்கும் இடையே 400 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் வேட்டையரின் மரபு இன்றைய வட ஐரோப்பியரை ஒத்திருக்க, உழவரின் மரபு மத்தியதரைக் கடலோர மக்களை ஒத்திருந்தது. ஒரே காலத்தில் வாழ்ந்த இந்த நால்வர், மரபில் இரண்டு வேறு உலகத்தவர். 2014-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பகுதியில் கிடைத்த 7,000 ஆண்டுப் பழைய உழவர் பெண்ணையும், லக்சம்பர்க்கின் லோஷ்பூர் வேட்டையரையும் ஒப்பிட்டபோதும் இதுவே தெரிந்தது. அந்த வேட்டையருக்குக் கறுத்த தோலும் வெளிர்நிறக் கண்ணும் இருந்திருக்க வேண்டும். உழவர் பெண்ணுக்கு வெளிறிய தோலும் பழுப்புக் கண்ணும்.

துருக்கியின் வடமேற்கே பார்சின் என்ற குடியிருப்பிலும் ஏஜியன் கடலோரத்துக் கிரேக்கக் குடியிருப்புகளிலும் கிடைத்த உழவர்களின் மரபணுத்தொகுதி 2015, 2016-ல் வெளியானபோது சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போனது. ஜெர்மனி, ஹங்கேரி, ஸ்பெயின் நாடுகளின் முதல் உழவர்கள் அந்த ஏஜியன் கரை மக்களின் நேரடி வாரிசுகள். ஆல்ப்ஸ் பனிக்குள் 1991-ல் கண்டெடுத்த, 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய ஓட்ஸி என்ற மனிதரின் மரபில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்த அனத்தோலிய (இன்றைய துருக்கி) உழவருடையது என்று 2023-ல் உறுதியானது. வளர்ந்த பிறகு பாலைச் செரிக்கும் மரபணு மாற்றம் அவரிடம் இல்லை. முதல் உழவர்களிடம் அது இருந்ததாகவே தெரியவில்லை. ஆட்டையும் மாட்டையும் கட்டி மேய்த்தவர்களின் உடல் பாலுக்குப் பழகப் பல ஆயிரம் ஆண்டுகள் பிடித்திருக்கிறது.

ஆக ஐரோப்பாவுக்கு விடை கிடைத்தது: விதைத்தவரும் வந்தார். நான் தவறு செய்தது இங்கேதான். மேற்காசியாவில் ஒரு மக்கள்கூட்டம் உழவைக் கண்டுபிடித்தது, அது பெருகி நாலாபக்கமும் பரவியது, போன இடமெல்லாம் உழவு போனது என்று நண்பர்களிடம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கூட்டத்தில் அப்படியே பேசவும் செய்தேன்.

2016-ல் ஜாக்ரோஸ் மலையின் கஞ்ச் தாரே, வெஸ்மே குகை, ஜோர்டானின் ஐன் கஸல் ஆகிய இடங்களின் மரபணுக்கள் வெளியாகின. உழவு பிறந்த நிலத்தில் வாழ்ந்த மனிதர்களே அவர்கள். ஒரே மக்களாக இருப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். ஜாக்ரோஸ் ஆடு வளர்ப்போருக்கும் அனத்தோலிய உழவருக்கும் இடையிலான வேறுபாடு, இன்றைய ஐரோப்பியருக்கும் கிழக்காசியருக்கும் இடையே உள்ள அளவுக்கு இருந்தது. ஜோர்டான் பக்கத்தவர் மூன்றாவதாகத் தனி மரபினர். தங்களுக்கு முன் அங்கே வேட்டையாடியும் காட்டுத் தானியம் திரட்டியும் வாழ்ந்த நத்தூஃபியரின் வழி வந்தவர்கள். 2019-ல் நடு அனத்தோலியாவின் பினார்பாஷியில் கிடைத்த 15,000 ஆண்டுப் பழைய வேட்டையரைப் பார்த்தபோது, பின்னாளில் அங்கே உழுதவர்களும் பெரும்பாலும் அவர் வழியினரே என்று தெரிந்தது. வெளியிலிருந்து யாரும் வந்து அவர்களை உழவராக்கவில்லை. அந்த மண்ணின் வேட்டையர்களே ஏர்க்குடிகளானார்கள்.

என்ன நடந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மூன்று கூட்டங்கள், பல்லாயிரம் ஆண்டுகள் பெரிதாகப் பெண் கொடுத்துப் பெண் எடுக்காதவர்கள். ஆனால் அவர்களுக்கிடையே விதையும் குட்டியும் கைப்பக்குவமும் போய்வந்திருக்கின்றன. காட்டுக் கோதுமையின் கதிர் முற்றியதும் முறிந்து சிதறிவிடும்; அப்படிச் சிதறினால்தான் அது முளைக்கும். ஒரு மரபணுவில் ஏற்படும் சிறு கோளாறு கதிரை முறியவிடாமல் செய்கிறது. காட்டில் அந்தச் செடிக்கு அது சாவு. அறுக்கிற கைக்கோ அதுதான் வேண்டும், ஏனென்றால் கதிர் கையோடு வரும். அறுத்து, அதிலேயே கொஞ்சம் விதைக்கு எடுத்து வைத்து, மறுபடி விதைத்து என்று தலைமுறை தலைமுறையாகச் செய்ததில் உதிராத கதிர் பெருகியது. ஐன்கார்ன் என்ற ஒற்றைமணிக் கோதுமையின் மூலம் துருக்கியின் தென்கிழக்கே கராஜதாக் மலைப்பகுதி என்று 1997-லேயே செடியின் டி.என்.ஏ.வைக் கொண்டு காட்டியிருந்தார்கள். அந்தக் கோதுமை பிறை முழுக்கப் பரவியது, அதை விளைவித்த மக்களோ ஒரே மரபினராக ஆகவில்லை. பிறந்த நிலத்தில் விதை மட்டும் நடந்தது. அந்நிலத்தைத் தாண்டியதும் விதைத்தவரும் சேர்ந்து நடந்தார். ஒரே தொழில்நுட்பம் இரண்டு விதமாகவும் பரவியிருக்கிறது.

ஐரோப்பாவிலும் எல்லாம் ஒரே சீராக இல்லை. பிரிட்டனில் வந்த உழவர்கள் அங்கிருந்த வேட்டையரோடு ஏறக்குறையக் கலக்கவே இல்லை. பால்டிக் கரையோரம் வேட்டையர் மரபு உழவர் கலப்பின்றி மிக நெடுங்காலம் நீடித்தது. என் மனதில் அதிகம் தங்கியது ஜெர்மனியின் ஹாகன் நகருக்கு அருகேயுள்ள பிளேட்டர்ஹோலே குகை. அங்கே ஒரே குகையில் புதைக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினரின் எலும்பு வேதியியல் கால்நடை இறைச்சி உண்டதைக் காட்டுகிறது. இன்னொரு பகுதியினர் ஆற்றுமீனை நம்பி வாழ்ந்தவர்கள். உழவர்கள் அந்த நாட்டுக்குள் வந்து இரண்டாயிரம் ஆண்டு ஆன பிறகும் மீன்பிடித்து வாழ்ந்த கூட்டம் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டு! தாய்வழி டி.என்.ஏ.வின்படி, வேட்டையர் பெண்கள் சிலர் உழவர் குடும்பங்களுக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருக்கிறார்கள். உழவர் பெண் மீன்பிடிப்போர் வீட்டுக்குப் போன தடம் இல்லை. வெவ்வேறு அடுக்காக இருக்கும் இரண்டு சமூகங்களுக்கிடையே பெண் எந்தத் திசையில் போகும் என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

காலம் போகப் போக ஐரோப்பா எங்கும் உழவர்களின் மரபில் வேட்டையர் பங்கு மெல்ல ஏறியிருக்கிறது. காட்டுக்குள் ஒதுங்கியவர்கள் அழிந்துவிடவில்லை. வயலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

விலங்குகளும் இந்தக் கதையைத் தங்கள் பங்குக்குச் சொல்கின்றன. பழைய ஆடுகளின் டி.என்.ஏ.வைப் பார்த்தால், கிழக்கிலும் மேற்கிலும் ஜோர்டான் பக்கத்திலும் வெவ்வேறு காட்டாட்டுக் கூட்டங்களிலிருந்து பழக்கியது தெரிகிறது, மனிதர்கள் மூன்றாக இருந்தது போலவே. பன்றியின் கதை இன்னும் விசித்திரம். முதல் உழவர்கள் மேற்காசியப் பன்றியை ஓட்டிக்கொண்டுதான் ஐரோப்பாவுக்கு வந்தார்கள். ஆனால் மேயப் போன இடத்தில் அது ஐரோப்பியக் காட்டுப்பன்றியோடு கூடிக்கொண்டே இருந்தது. இன்றைய ஐரோப்பிய வளர்ப்புப் பன்றியின் மரபில் மேற்காசியப் பங்கு 4 சதவீதத்துக்கும் குறைவு. இன்றைய பன்றியின் டி.என்.ஏ. மட்டுமே நம்மிடம் இருந்திருந்தால் ஐரோப்பியரே தங்கள் காட்டுப்பன்றியைப் பழக்கினார்கள் என்று எழுதிவைத்திருப்போம். மரபணு யார் யாரோடு கூடினார் என்பதை மட்டும் சொல்லும், யார் யாரிடம் கற்றார் என்பதைச் சொல்லாது என்று இந்தப் பன்றிதான் எனக்குப் புரியவைத்தது.

கிழக்கே சிந்துவெளிப் பக்கம் வந்தாலும் அதே கேள்வி நிற்கிறது. பலுசிஸ்தானின் மெஹர்கரில் மிகப் பழங்காலத்திலேயே பார்லியும் கோதுமையும் பயிராகியிருக்கின்றன. அவை மேற்காசியப் பயிர்கள். ஆகவே ஈரானிய உழவர்கள் வந்து குடியேறியிருப்பார்கள் என்ற ஊகம் நெடுநாள் இருந்தது. ஹரியானாவின் ராகிகடியில் அறுபதுக்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகளைச் சோதித்தார்கள். வெப்பமும் ஈரமும் தின்றுபோக, படிக்கும்படியாக எஞ்சியது ஒரே ஒரு பெண்ணின் டி.என்.ஏ. சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். 2019-ல் முடிவு வந்தது. அவரிடம் ஈரானியரோடு உறவுடைய மரபு உண்டு. ஆனால் அந்தக் கிளை, ஈரானில் உழவு தொடங்குவதற்கு முன்பே, இருபக்கத்தவரும் வேட்டையராக இருந்த காலத்திலேயே பிரிந்துவிட்டது. ஒரு பெண்ணை வைத்து எப்படிச் சொல்வது என்று கேட்கலாம், நானும் கேட்டேன். துர்க்மெனிஸ்தானின் கோனூரிலும் ஈரானின் ஷஹ்ர்-இ-சோக்தாவிலும் கிடைத்த பதினொரு பேரின் மரபு அவருடையதோடு ஒத்துப்போகிறது; சிந்துவெளியிலிருந்து அங்கே போனவர்களாக இருக்க வேண்டும். ஆகவே இங்கே வந்தது பெரும்பாலும் விதைதான். திமில் மாட்டையோ இந்தப் பக்கத்து மக்கள் தாங்களே பழக்கினார்கள்.

இப்போது ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி அங்கே உழவு எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், முன்போல உடனே பதில் சொல்வதில்லை. எந்தப் பள்ளத்தாக்கு, எந்த நூற்றாண்டு என்று திருப்பிக் கேட்கிறேன். அப்படிக் கேட்க வைத்தது மொராக்கோ பற்றி 2023-ல் வந்த ஆய்வு. வடக்கே கடலோரம் காஃப் தஹ்த் எல்-கார் குகையில், சுமார் 7,400 ஆண்டுகளுக்கு முன், ஸ்பெயினிலிருந்து நீரிணையைக் கடந்து வந்த உழவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களின் மரபு அனத்தோலியா வரை போகிறது. ஆயிரம் ஆண்டு கழித்து, அட்லாண்டிக் கரையில் ஸ்கிராத்-ரூஆஸி என்ற இடத்தில் கிழக்கேயிருந்து மந்தையோடு வந்தவர்களின் மரபு தெரிகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, நாட்டின் உட்பகுதியில், இஃப்ரி ந்'அம்ர் ஓ'மூசா என்ற குகை. அங்கே புதைந்திருந்தவர்களிடம் ஸ்பெயின்காரர் ரத்தம் துளியும் இல்லை. 15,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அந்த நாட்டில் வேட்டையாடி வந்த மக்களின் நேர் வாரிசுகள் அவர்கள். ஆனால் பானை வனைந்தார்கள், புதியவர்களின் உழவு வழக்கங்களைக் கைக்கொண்டிருந்தார்கள். திருமண உறவின் தடம் அவர்களிடம் இல்லை. ஆனாலும் ஒரு நாள் அவர்களில் ஒருவர் வந்தேறியவர்களின் வயலோரம் போய் நின்று, மண்ணைக் கிளறுவதையும் மணியைத் தூவுவதையும் உற்றுப் பார்த்திருக்கிறார். வயலுக்குரியவர் நிமிர்ந்து, அவர் கையில் ஒரு பிடி தானியத்தைப் போட்டிருக்கவும் வேண்டும்.